இன்டக்‌ஷன் ஹீட்டர்ல மாஸ்பெட் திரும்பத் திரும்பப் போகுதா? புதுசு மாட்டறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

வீட்டுல செஞ்ச இன்டக்‌ஷன் ஹீட்டர்ல மாஸ்பெட் (கரண்டை வேகமா ஆன், ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) போச்சுன்னா முக்கால்வாசிப் பேரு என்ன பண்றாங்கன்னா, நேரா கடைக்குப் போயி இன்னொரு ஜோடி வாங்கிட்டு வந்து அதே எடத்துல ஈயம் வச்சு ஒட்டி ஸ்விட்சப் போட்டுப் பாக்கறாங்க, ரெண்டு செகண்டுல அதுவும் போயிடுது, அப்புறம் மாஸ்பெட் டூப்ளிகேட்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறாங்க. டூப்ளிகேட் வர்றது உண்மைதான், அதை எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு கீழ சொல்றேன். ஆனா பெரும்பாலும் மாஸ்பெட் கடைசியா சாகற ஆளு, அதைக் கொன்னது வேற ஒண்ணு, அது இன்னும் போர்டுலயே உக்காந்திருக்கும். அதைக் கண்டுபுடிக்காம புதுசு மாட்டவே மாட்டாதீங்க.

நம்ம சேலத்துல இதை செய்யறவங்க நெறையப் பேரு வெள்ளி வேலை சம்பந்தப்பட்டவங்க. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை, கொஞ்சமா வெள்ளி உருக்கணும்னா கேஸ் டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு வேர்வையில நிக்கணும், அதுக்குப் பதிலா ஒரு சின்ன ஹீட்டர் செஞ்சுக்கலாம்னு பசங்க ஆசைப்படறாங்க, நல்ல ஆசைதான். அதனால இங்க நான் பேசறது அந்த ரெண்டு மாஸ்பெட் ஜெட்விஎஸ் (வோல்டேஜ் சைபர்ல இருக்கும்போது மாஸ்பெட் மாறி மாறி ஆன் ஆகறது) சர்க்கியூட் பத்தி மட்டும்தான். ரெண்டு மாஸ்பெட் (ஒவ்வொண்ணுக்கும் மூணு கால்: ஸ்விட்சை இயக்கற கேட், கரண்டு உள்ள வர்ற டிரெயின், வெளிய போற சோர்ஸ்), ஒண்ணோட கேட்ல இருந்து இன்னொண்ணோட டிரெயினுக்கு ஒரு வேகமான டையோடு, சப்ளையில இருந்து கேட்டுக்கு 470 ஓம்ஸ் ரெசிஸ்டர், கேட்ல இருந்து கீழ மைனஸுக்கு 12 வோல்ட் ஜீனரும் (வோல்டேஜை 12க்கு மேல ஏற விடாத டையோடு) 10 கிலோ ஓம்ஸும், சப்ளையில இருந்து ரெண்டு சோக் (கரண்டு டக்குனு மாறாம புடிக்கற சுருள்), நடுவுல கெப்பாசிட்டர் பேங்கும் (ஒண்ணா சேத்த கெப்பாசிட்டர்கள்) காப்பர் காயிலும். 12ல இருந்து 36 வோல்ட் வரைக்கும் டிசில ஓடறது. 230 வோல்ட் கரண்டை நேரா ரெக்டிஃபை பண்ணி இதுக்குக் குடுக்கற வேலை வேணவே வேணாம், அங்க 325 வோல்ட் டிசி நிக்கும், மாஸ்பெட் போறது இருக்கட்டும், ஆளே போயிடுவாங்க.

மொதல்ல செத்தது எதுன்னு உறுதி பண்ணுங்க. போர்டுல வச்சே மல்டிமீட்டர்ல தொட்டுப் பாத்தா ஏமாந்துருவீங்க, ஏன்னா ரெண்டு டிரெயினும் காயில் வழியா ஒண்ணாத்தான் இருக்கு, ஒரு பக்கம் ஷார்ட் ஆனாலும் ரெண்டு பக்கமும் பீப் அடிக்கும், நல்லா இருக்கற மாஸ்பெட்டும் செத்த மாதிரி காட்டும். அதனால ரெண்டையும் கழட்டி மேசை மேல வச்சுக்கங்க. மீட்டர் வைக்கறதுக்கு முன்னாடி கேட்டையும் சோர்ஸையும் ஒரு ஒயர் துண்டு வச்சு ஒருக்கா தொட்டு விடுங்க, கேட்ல சார்ஜ் தேங்கி இருந்தா மாஸ்பெட் ஆன்லயே நிக்கும், அதைப் பாத்துட்டு ஷார்ட்னு நெனச்சு நல்ல மாஸ்பெட்டைக் குப்பையில போட்டவங்க உண்டு. அப்புறம் டையோடு மோட்ல செவப்பு சோர்ஸ்ல, கருப்பு டிரெயின்ல வச்சா 0.4ல இருந்து 0.6 வரைக்கும் காட்டணும். திருப்பி வச்சா ஒண்ணும் காட்டக் கூடாது. கேட்ல இருந்து மத்த ரெண்டு காலுக்கும் எப்படி வச்சாலும் ஒண்ணும் காட்டக் கூடாது.

இப்ப செத்ததோட லட்சணத்தைப் பாருங்க, அதுலயே பாதி விஷயம் தெரிஞ்சுரும். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் மட்டும் ஷார்ட், கேட் நல்லா இருக்குன்னா சூடோ, அளவுக்கு மீறின கரண்டோ, வோல்டேஜோ கொன்னிருக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் ஷார்ட், இல்ல சில நூறு ஓம்ஸ் லீக் காட்டுதுன்னா கேட்ல 20 வோல்ட்டுக்கு மேல ஏறி உள்ள ஓட்டை விழுந்திருக்கு, ஜீனரைத்தான் மொதல்ல சந்தேகப்படணும். மூணு காலும் ஒண்ணோட ஒண்ணு ஷார்ட்னா பயங்கரமா போயிருக்கு, அது தனியா போயிருக்காது. டிரெயின் வோல்டேஜ் கேட் வழியா உள்ள வந்து ஜீனர், அந்த வேகமான டையோடு, ரெசிஸ்டர் எல்லாத்தையும் தொட்டுட்டுப் போயிருக்கும். பிளாஸ்டிக் ஒடம்பு வெடிச்சிருந்தா பேட்டரியில இருந்து நேரா கரண்டு பாஞ்சிருக்கு, நடுவுல பியூஸ் இல்லன்னு அர்த்தம். எதுவா இருந்தாலும் மாத்தும்போது மாஸ்பெட் ரெண்டு, ஜீனர் ரெண்டு, டையோடு ரெண்டு எல்லாத்தையும் சேத்தே மாத்திருங்க. ஜீனரும் டையோடும் சில்லறைக் காசு, அதுல மிச்சம் புடிக்கப் போயி மாஸ்பெட்டை விடாதீங்க.

காரணங்கள்ல நான் மொதல்ல பாக்கறது சப்ளையைத்தான், அதிகமா மாஸ்பெட்டைத் தின்னறது அதுதான். இந்த சர்க்கியூட் ஆடறதுக்கு, அதாவது ரெண்டு மாஸ்பெட்டும் மாறி மாறி ஆன் ஆகறதுக்கு, ஆரம்பத்துல ஒரு உதை வேணும், வோல்டேஜ் டக்குனு முழுசா வந்து நிக்கணும். எஸ்எம்பிஎஸ் பெட்டியோட (ஏசியை டிசியா மாத்தற சப்ளை) ஏசி ஸ்விட்சைப் போட்டா அது மெதுவா ஏறி வரும், இல்ல ஆரம்பக் கரண்டைப் பாத்து லிமிட்டுக்குப் போயி வோல்டேஜை 4, 5 வோல்ட்டுக்கு இறக்கிடும். அந்த வோல்டேஜ்ல ஆட்டம் ஆரம்பிக்காது, ரெண்டு மாஸ்பெட்டும் பாதி தொறந்த நெலையில மாட்டிக்கும். இதைக் கொஞ்சம் கிட்ட போயிப் பாருங்க: ஒவ்வொண்ணோட கேட்டும் டையோடு வழியா எதிர்ப்பக்க டிரெயினோட கட்டியிருக்கறதால ரெண்டு டிரெயினும் 3, 4 வோல்ட்ல நின்னுரும், அந்த நேரத்துல ஆளுக்கு 10 ஆம்ப்ஸ் போச்சுன்னா ஒவ்வொண்ணுலயும் 30, 40 வாட் சூடு, காயில்ல ஒரு துளி வேலையும் நடக்காது, சத்தமும் இருக்காது. நீங்க என்னடா சூடாகலையேன்னு காயிலைப் பாத்துட்டு நிக்கும்போது பின்னாடி ஹீட்சிங்க் கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

இதைக் கண்டுபுடிக்க ஸ்கோப் வேணாம், மல்டிமீட்டர் போதும். டிசி வோல்ட்ல வச்சு டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல பாருங்க. நல்லா ஆடிட்டு இருந்தா டிரெயின்ல சராசரியா சப்ளை வோல்டேஜே காட்டும், 24 குடுத்தா 24 பக்கம், ஏன்னா சோக்ல சராசரி டிசி வோல்டேஜ் நிக்க முடியாது. மாட்டிக்கிட்டா 3, 4 வோல்ட்தான் காட்டும். கேட்ல பாத்தா ஆடும்போது 12ல பாதி, கிட்டத்தட்ட 6 வோல்ட் காட்டும். 3, 4ன்னு பாத்த ஒடனே ஆஃப் பண்ணிருங்க, ஒரு செகண்டு கூட யோசிக்க வேணாம்.

தீர்வு என்னன்னா, ஸ்விட்சை ஏசி பக்கம் வைக்காம எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போர்டுக்கும் நடுவுல டிசி பக்கம் வைங்க, ஸ்விட்சுக்கு முன்னாடி, அதாவது சப்ளை பக்கம், ஒரு 4700 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் போடுங்க, சப்ளை முழுசா ஏறி நின்னதுக்கு அப்புறம் ஸ்விட்சைப் போடுங்க. ஆஃப் பண்ணும்போதும் அதே ஸ்விட்ச்தான், ஏசியைப் புடுங்கி மெல்ல இறங்க விடாதீங்க. சப்ளையும் தாராளமா இருக்கணும், 24 வோல்ட் 15 ஆம்ப்ஸ் எடுக்கற ஹீட்டருக்கு 15 ஆம்ப்ஸ் சப்ளையே போட்டா மூசையை (வெள்ளி உருக்கற கிண்ணம்) உள்ள விட்ட ஒடனே லிமிட்டுக்குப் போயிடும். ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி இதே பிரச்சினையோட பேசினாரு, மழைக்காலத்துல அங்க மின்னி மின்னி வர்ற கரண்டுல ஒவ்வொரு தடவை டிப் ஆகும்போதும் ஆட்டம் நின்னு மாஸ்பெட் மாட்டிக்குது. அவருக்கு நான் சொன்னது ரெண்டு 12 வோல்ட் இன்வர்ட்டர் பேட்டரியை சீரியஸ்ல போட்டு ஓட்டுங்கன்னுதான். பேட்டரி இந்த சர்க்கியூட்டுக்கு ரொம்ப நல்ல சப்ளை, ஆனா ஷார்ட் ஆனா நூத்துக்கணக்குல ஆம்ப்ஸ் தள்ளும், பிளஸ் ஒயர்ல பேட்டரி டெர்மினல் பக்கத்துலயே பியூஸ் இல்லாம தொடவே கூடாது.

அடுத்தது வோல்டேஜ் கணக்கு. டிரெயின்ல வர்ற உச்சி வோல்டேஜ் சப்ளை மாதிரி 3.14 மடங்கு. 12 குடுத்தா 38, 24 குடுத்தா 75, 36 குடுத்தா 113, 48 குடுத்தா 151. இந்தக் கணக்கு தெரியாமத்தான் 55 வோல்ட் தாங்கற ஐஆர்எஃப்ஜெட்44என்னைப் போட்டு 24 குடுக்கறாங்க, ஸ்விட்ச் போட்ட ஒடனே டப்புனு போயிடுது. ஐஆர்எஃப்540 100 வோல்ட், 12க்குத் தாராளம், 24க்கு ஓடும், ஆனா பேட்டரி சார்ஜ்ல இருக்கும்போது 28.8 வரைக்கும் போகும்ல, அப்ப உச்சி 90, விளிம்புல நிக்குது. ஐஆர்எஃப்பி260என் 200 வோல்ட், 24க்கும் 36க்கும் அதுதான் சரி. 48 வோல்ட் பேட்டரி சார்ஜ்ல 57.6 போனா உச்சி 181 ஆகிடும், மேல ஒரு சின்ன ஸ்பைக் வந்தாலும் காலி, அதுக்கு இந்த மாஸ்பெட்டை நம்பாதீங்க.

கேட் பக்கம் வாங்க. 470 ஓம்ஸ் ரெசிஸ்டரை கால் வாட்ல போட்டிருக்காங்க பாருங்க, அது பெரிய தப்பு. 24 வோல்ட்ல கேட் கீழ இருக்கற நேரம் அந்த ரெசிஸ்டர்ல 1.2 வாட் எரியுது, கால் வாட் கருகி ஓபன் ஆயிடும், கேட் ஒழுங்கா மேல ஏறாம மாஸ்பெட் அரைகுறையா தொறந்து சூடாகிச் சாகும். குறைஞ்சது 2 வாட் போடுங்க. 48க்குப் போனா அதே ரெசிஸ்டர்ல 4.9 வாட், அங்கெல்லாம் கேட்டுக்குத் தனியா 12 வோல்ட் சப்ளை வச்சே ஆகணும். 24லயும் கேட்டுக்கு ஒரு 7812 (12 வோல்ட்ல நிறுத்தற ரெகுலேட்டர்) போட்டுத் தனியா குடுத்துட்டு ரெசிஸ்டரை 220க்கு இறக்கினா ரொம்ப நல்லது, காரணம் ஐஆர்எஃப்பி260என் கேட்ல கிட்டத்தட்ட 4 நானோ ஃபாரட் இருக்கு, 470 வழியா அது நெரம்ப 2 மைக்ரோ செகண்டு போல எடுக்கும், 100 கிலோஹெர்ட்ஸ்ல அரை சுத்தே 5 மைக்ரோ செகண்டுதான். 220 போட்டா பாதி நேரம் மிச்சம். தனி சப்ளை வச்சா ஆன் பண்ணும்போது கேட் சப்ளை மொதல்ல, ஆஃப் பண்ணும்போது அது கடைசியா. ஓடிட்டு இருக்கும்போது கேட் சப்ளையை மட்டும் புடுங்கிட்டா சோக்ல ஓடற கரண்டுக்குப் போக வழியில்லாம டிரெயின்ல ஸ்பைக்கா அடிக்கும்.

டையோடுல 1என்4007 போடவே போடாதீங்க. கையில இருக்குன்னு போட்டுடறாங்க, அது 50 ஹெர்ட்ஸ் வேலைக்கு செஞ்சது, 100 கிலோஹெர்ட்ஸ்ல மூட நேரம் இல்லாம டிரெயின் வோல்டேஜைக் கேட்டுக்குள்ள விட்டுரும். யூஎஃப்4007 போடுங்க, 75 நானோ செகண்டுல மூடிக்கும், பேரு பாதி ஒண்ணா இருக்கறதால கடையில மாத்திக் குடுத்துருவாங்க, மேல இருக்கற எழுத்தைப் படிச்சுப் பாத்து வாங்குங்க.

கெப்பாசிட்டர் பேங்க் பத்தி ஒரு கணக்கு சொல்றேன், அப்பத்தான் ஏன் அவ்வளவு சூடாகுதுன்னு புரியும். 0.33 மைக்ரோ ஃபாரட் ஆறு பேரலல்ல போட்டா 2 மைக்ரோ ஃபாரட், காயில் 1.2 மைக்ரோ ஹென்றின்னா சுமார் 100 கிலோஹெர்ட்ஸ்ல ஆடும். அந்த வேகத்துல காயிலோட ரியாக்டன்ஸ் 0.75 ஓம்தான், 24 வோல்ட் சப்ளையில உச்சி 75 வோல்ட், அப்ப காயிலுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவுல சுத்தற கரண்டு உச்சியில 100 ஆம்ப்ஸ்! சப்ளையில இருந்து எடுக்கறது 10, 15தான், ஆனா உள்ள 100 சுத்துது. ஒவ்வொரு கெப்பாசிட்டர்லயும் 16, 17 ஆம்ப்ஸ். அதைத் தாங்கறது எம்கேபின்னு எழுதியிருக்கற பாலிப்ரொப்பிலீன் மட்டும்தான். மத்த டைப் போட்டா வீங்கும், வேல்யூ மாறும், ஒண்ணு ஷார்ட் ஆனா ஆட்டம் நின்னு மறுபடி அதே கதை, ரெண்டு மாஸ்பெட்டும் போயிடும். அதனால மாஸ்பெட் போன போர்டுல கெப்பாசிட்டர் எல்லாத்தையும் வெரல் வச்சுத் தடவிப் பாருங்க, வயிறு உப்பி இருந்தா மாத்துங்க, ஈயம் வச்ச எடம் மங்கலா விரிசல் விட்டு இருந்தா அந்த டிராக் மேல காப்பர் கம்பி வச்சு கனமா ஈயம் போடுங்க. பேங்க் காயிலுக்கு ஒட்டினாப்புல இருக்கணும், மாஸ்பெட்டும் பேங்குக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஒரு முழம் ஒயர் இழுத்து மாஸ்பெட்டைத் தனிப் பெட்டியில வச்சா நடுவுல வேற ஃப்ரீக்வென்சில நடுங்க ஆரம்பிச்சுரும்.

ஹீட்சிங்க்ல ஒரு விஷயம். மாஸ்பெட்டோட முதுகு தகடுதான் டிரெயின். ரெண்டையும் ஒரே அலுமினியத்துல மைக்கா (கரண்டு கடத்தாத மெல்லிசு தகடு) இல்லாம முறுக்கினா பேங்கையே ஷார்ட் பண்ணின மாதிரி. மைக்கா போட்டு, ரெண்டு பக்கமும் பேஸ்ட் மெல்லிசா தடவி, ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ் போட்டு, முறுக்கின அப்புறம் மீட்டர்ல தகட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் தொட்டுப் பாருங்க, காயிலைக் கழட்டி வச்சுட்டு. ஐஆர்எஃப்பி260என் ஆன்ல இருக்கும்போது 0.04 ஓம், 15 ஆம்ப்ஸ்ல பாதி நேரம் ஓடினா 4.5 வாட், சூடேறினா அந்த ஓம் ரெண்டு மடங்கு பக்கம் ஆயி 9 வாட் வரைக்கும் போகும். சின்ன ஃபேன் வச்சா சமாளிச்சுரும், ஆனா சித்திரை வெயில்ல சேலத்துல தகர ஷெட்டுக்குள்ள ஓட்டறவங்க ஃபேன் இல்லாம ஓட்டாதீங்க.

இப்ப டூப்ளிகேட் கதை. பழைய கார் ஹெட்லைட் பல்பு ஒண்ணு எடுத்துக்கங்க, 12 வோல்ட் 60 வாட், அது 5 ஆம்ப்ஸ் கிட்ட எடுக்கும். பேட்டரி பிளஸ்ல இருந்து பல்பு, பல்புல இருந்து டிரெயின், சோர்ஸ் மைனஸுக்கு, கேட்டை 1 கிலோ ஓம் வழியா பிளஸ்ல தொடுங்க, பல்பு முழுசா எரியும். இப்ப டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல மீட்டர்ல பாருங்க, ஒயர் மேல வைக்காம கால் மேலயே வைங்க. நெஜமான ஐஆர்எஃப்பி260என்னா இருந்தா 0.2 வோல்ட் இல்ல அதுக்குக் கொஞ்சம் கம்மி. 0.5 காட்டுச்சுன்னா உள்ள இருக்கறது வேற சின்ன சில்லு, மேல பேரு மட்டும் அடிச்சிருக்கு. கேட்டை சோர்ஸுக்குத் தொட்டா பல்பு சுத்தமா அணையணும். ஜோடியா வாங்கறது ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். கடையில வாங்கினதும் இந்த டெஸ்ட் முடிக்காம போர்டுல ஏத்தாதீங்க.

எல்லாம் மாத்தியாச்சு, மொத ஆன் எப்படி? எடுத்தவுடனே 24 வேணாம். 12 வோல்ட் பேட்டரி, 10 ஆம்ப்ஸ் பியூஸ், அதோட அதே ஹெட்லைட் பல்பை சீரியஸ்ல போட்டு காயிலுக்குள்ள ஒண்ணும் வைக்காம ஆன் பண்ணுங்க. பல்பு மங்கலா எரிஞ்சு டிரெயின்ல போர்டுக்கு வர்ற வோல்டேஜே காட்டினா ஆடுதுன்னு அர்த்தம். பல்பு முழுசா எரிஞ்சா ரெண்டு வாய்ப்பு, எங்கயோ ஷார்ட், இல்ல பல்பு வோல்டேஜை இறக்கினதால ஆட்டம் ஆரம்பிக்கல. டிரெயின்ல 3, 4 வோல்ட் நின்னா ரெண்டாவது, சைபர் பக்கம்னா ஷார்ட். ரெண்டாவதா இருந்தா பயப்பட வேணாம், பல்பைக் கழட்டிட்டு பியூஸோட மட்டும் ஒருக்கா போடுங்க, ஓடும். வெறும் காயில்ல 12 வோல்ட்டுக்கு சில ஆம்ப்ஸ் எடுக்கும், அது சகஜம். ரெண்டு நிமிஷம் ஓட்டி ஆஃப் பண்ணிட்டு மாஸ்பெட், சோக், கெப்பாசிட்டர் மூணையும் தொட்டுப் பாருங்க. ரெண்டு மாஸ்பெட்டும் ஒரே சூடா இருக்கணும், ஒண்ணு மட்டும் கொதிச்சா அந்தப் பக்க ரெசிஸ்டர், ஜீனர், எதிர்ப்பக்க டிரெயினுக்குப் போற டையோடு மூணையும் மறுபடி பாருங்க. சோக் கொதிச்சா அதோட கோர் தாங்கற காந்த அளவைத் தாண்டி நெரம்பிப் போகுது, பெரிய டொராய்டா (வளையக் கோர்) மாத்தணும்.

கடைசியா லோடு. வெள்ளியை நேரா காயிலுக்குள்ள விட்டா சூடு சரியா ஏறாது, அது கரண்டை அவ்வளவு நல்லா கடத்தும். கிராஃபைட் மூசையில போட்டா மூசை சூடாகி வெள்ளி உருகும், 962 டிகிரி வேணும். ஆனா கிராஃபைட்டும் கரண்டு கடத்தற பொருள்தான், மூசை சாஞ்சு காயில் சுத்துல பட்டா ரெண்டு சுத்து ஷார்ட், ஆட்டம் அங்கயே நிக்கும், மாஸ்பெட் காலி. நடுவுல செராமிக் ஊல் இல்ல சூடு தாங்கற கண்ணாடி நார் ஸ்லீவ் கட்டாயம் வைங்க. இரும்பு போட்டு டெஸ்ட் பண்றவங்க கவனிங்க, இரும்பு 770 டிகிரி தாண்டினதும் காந்தத் தன்மை போயிடும், லோடு திடீர்னு மாறி ஆம்ப்ஸ் இறங்கும், அது கோளாறு இல்ல. பெரிய கட்டியை டக்குனு முழுசா உள்ள தள்ளாதீங்க, ஆம்ப்ஸ் மீட்டரைப் பாத்துக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க, சப்ளை வோல்டேஜ் 24ல இருந்து 20க்குக் கீழ விழுந்தா அந்த லோடு அந்த சப்ளைக்கு அதிகம். கையில மோதிரம், காப்பு போட்டுக்கிட்டுக் காயில் பக்கத்துல போகாதீங்க.

காயிலுக்கு உள்ள தண்ணி விடறவங்க போர் தண்ணி விடாதீங்க, நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு கால் இஞ்ச் காப்பர் ட்யூப்ல உப்பு படிஞ்சு அடைச்சுரும், அடைச்சா காயில் காஞ்சு ஈயம் வச்ச எடம் கழண்டுரும், ஓடும்போது காயில் கழண்டா மறுபடி மாஸ்பெட். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பக்கெட், மீன் தொட்டி மோட்டார் ஒண்ணு, அது போதும். மோட்டார் ஓடுதான்னு ட்யூப் முனையில தண்ணி விழறதைப் பாத்துட்டு அப்புறம் ஸ்விட்சப் போடுங்க.